இத்தாலி ரசமும் நெஞ்சுக் கறியும்

கேரியரக் கீழ வைக்க வேண்டாம் பிள்ள. இந்த டிரைவரு எடுக்குத எடுப்பப் பாத்தியா, ஒரு பிரேக்குல சாஞ்சிரும். என் மடியிலயே இருக்கட்டும். வாசம் அடிக்கோ? அடிக்கத்தான் செய்யும். நெஞ்சுக் கறி, காலையில எந்திரிச்சதும் வச்சது. நீ எங்க போற, தூத்துக்குடியா? திருச்செந்தூரா? சரிதான், தூத்துக்குடி வரைக்கும் ஒண்ணாப் போவலாம். எனக்கு அங்க எறங்கி சாத்தான்குளம் வண்டி ஏறணும். ஜன்னல மட்டும் சாத்திராத, காத்து இல்லன்னா எனக்குக் குமட்டும்.

கொண்டு போன கறிய ஏன் திருப்பிக் கொண்டு போறேன்னா கேக்க? நல்லா கேட்ட போ. மதுர வரைக்கும் சொமந்துட்டு வந்து, திரும்ப மதுரயில இருந்து சொமந்துட்டுப் போறேன். எங்க சாமிக்குன்னு வச்சது.

கோயில் சாமி இல்ல. நான் பெத்த சாமி. ஆமா, பெத்த பிள்ளையத்தான் சாமிங்கேன், சிரிக்காத. உனக்கு எங்க வழக்கம் தெரியாது. எங்க கிறிஸ்தவ வேதக்காரங்கள்ல ஒரு பையன் சாமியாருக்குப் படிச்சு, ஆயர் அவன் தலையில கைய வச்சுப் பட்டம் குடுத்துட்டார்னா, அந்த நிமிசத்துல இருந்து பெத்தவளுக்கும் அவன் சாமிதான். நீ, வா, போ எல்லாம் அத்தோட முடிஞ்சுது. வாங்க சாமி, உக்காருங்க சாமி, சாப்பிடுங்க சாமி. பட்டம் வாங்குன அன்னைக்கு நான் முழங்கால் போட்டு அவிய கையில முத்தம் குடுத்தேன் பாத்துக்கோ. குண்டி கழுவிவிட்ட பிள்ளையோட கை! அவிய அழுதாவ. நான் அழல. எனக்குப் பெருமை தாங்கல.

அன்னையில இருந்து பேரச் சொன்னதே இல்ல. அதுல இன்னொரு கூத்து என்னன்னா, அவிய என்ன மாத்திக் கூப்பிடல. நான் ‘சாமி, நீங்க சாப்பிடுங்க’ன்னு நிப்பேன், அவிய ‘நீ சாப்பிட்டியாம்மா’ம்பாவ. கேக்கவன் என்ன நெனப்பான்? செலினு, என் மக, அவளுக்கு ஒரே சிரிப்பா இருக்கும். ‘ஏம்மா, அண்ணன் என்ன உனக்கு மாமனாரா’ம்பா. போடி அங்கிட்டுன்னு சொல்லிருவேன். என்ன தெரியும் அவளுக்கு! அவிய அப்பா சாகும்போது ஒரு ஓட்டு வீடும் பனங்காடு கொஞ்சமும்தான் விட்டுட்டுப் போனாரு. என்ன அந்த ஊர்ல யாரு மதிச்சா? சாமி பட்டம் வாங்குன பொறவுதான் கோயில்ல முதல் வரிசை, கலியாண வீட்டுல முதல் பந்தி. என் பேரே போயி ‘சாமியாரம்மா’ன்னு ஆச்சு. மளிகைக் கடைக்காரன் கூட எந்திரிச்சு நின்னு சாமான் குடுப்பான்.

பொறவு இத்தாலிக்கு அனுப்புனாங்க. அங்க கோயிலுக்கெல்லாம் சாமியாரு பத்தலையாம், பாத்துக்கோ, போப்பாண்டவர் இருக்குத தேசத்துலயே சாமியாருக்குப் பஞ்சம். மலையடிவாரத்துல ஒரு ஊரு. பாக்க எடமெல்லாம் திராட்சத் தோட்டம்னு போட்டோ அனுப்புவாவ. வாரம் ஒருக்க போன். ‘பூச வச்சீங்களா சாமி’ன்னு நான் கேக்க, ‘வச்சேம்மா’ன்னு அவிய சொல்ல, அப்பிடித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

மூணு வருசம் இருக்கும். எங்க ஊர்த் திருநாளுக்கு லீவு போட்டு வந்தாவ. வரும்போதே மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. நான் என்ன நெனச்சேன்? அங்க பிரட்டையும் பாலாடையையும் தின்னு நாக்குச் செத்துப் போச்சு, நாலு நாள் என் கைச் சாப்பாடு உள்ள போனா தெளிஞ்சிரும்னு நெனச்சேன். பெட்டியத் தொறந்தாவ. செலினுக்கு ஒரு சேலத் துணி, எனக்கு ஒரு போர்வ. பொறவு சட்டையில சுத்தி, அதுக்கு மேல துண்டச் சுத்தி, ஒரு புட்டி. அதோட வயிறு பெருத்த கண்ணாடி கிளாசு ரெண்டே ரெண்டு.

‘என்ன சாமி இது’ன்னேன்.

‘திராட்ச ரசம்மா. எங்க ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துல செஞ்சது. பரோலோன்னு பேரு.’

ரசம்னதும் நான் முந்தானையத் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டேன் பிள்ள. எங்களுக்கு ரசம்னா பூசையில ஏந்துத ரசம். அதுவும் சாமியாரு கையால, போப்பாண்டவர் தேசத்துல இருந்து! நான் புட்டிய ரெண்டு கையாலயும் வாங்கி நேரா ஆண்டவர் படத்துக்கு முன்னால கொண்டு வச்சேன். ஒரு மெழுகுவர்த்தியும் ஏத்தி வச்சேன். அவிய பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாவ. வந்ததுல இருந்து அப்பத்தான் சிரிச்சது. ‘அம்மா, சூடு பட்டா கெட்டுப் போகும். இது பூச ரசம் இல்ல. சாப்பாட்டோட குடிக்கது.’ சாப்பாட்டோட யாராவது பூச ரசத்தக் குடிப்பாவளா? சும்மா எளிமையாப் பேசுதாவன்னு நான் வர்த்திய மட்டும் தள்ளி வச்சேன்.

சனிக்கிழம சாயங்காலம்னு அவிய நாள் குறிச்சாவ. ‘நீ, நான், செலின். நாம மூணு பேர் மட்டும். உங்கிட்ட ஒரு விசயம் பேசணும்’ன்னாவ. என்ன சமைக்கணும்னும் அவியளே சொன்னாவ. ‘இந்த ரசம் முரட்டு ரசம்மா. ஒண்டியாக் குடிக்க முடியாது, வாயக் கட்டிப் போட்ரும். மீனு ஆகாது, கோழி இதுக்கு முன்னால நிக்காது. கொழுப்போட ஆட்டுக் கறி வேணும். நெஞ்சுக் கறி எடுத்து, நீ வைப்பியே, தேங்கா கம்மியா, மொளகு தூக்கலா, மெதுவா வேக வச்சு... மொளகாயக் கொறச்சிக்கோ. காரம் கூடுனா ரசம் கசந்துரும்.’ இப்பிடி ஒரு ரசத்துக்கு ஒரு கறிய ஜோடி சேப்பாவன்னு அன்னைக்குத்தான் கேட்டேன். அங்க இதுக்குன்னே யோசிப்பாவளாம். மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்குத கணக்கா.

நீயே சொல்லு. மூணு பேர் மட்டும்னா எப்பிடி? இத்தாலில இருந்து சாமி வந்திருக்காவ, ரசம் வந்திருக்கு, ஊரே திருநாளுக்குக் கூடியிருக்கு. வீட்டுக் கதவச் சாத்திட்டு நாங்க மட்டும் குடிச்சா நாளைக்கு எவ மூஞ்சில முழிக்க? பங்குச் சாமியார்ட்டப் போயி ஒரு வார்த்த சொன்னேன். மாதா சபைக்காரிய நாலு பேர்ட்டச் சொன்னேன். அவளுவ அவ அவ வீட்டுல சொன்னாளுவ. என் நாத்தனா பிலவேந்திரம், அவ ஒரு மாதிரி, ‘மதினி, இத்தாலி ரசம்னா புளி ஊத்துவாவளா, தக்காளியா’ன்னு கேட்டுட்டு சோத்துக் கிண்ணத்தோட வந்து நின்னா.

அன்னைக்கு மத்தியானமே அவிய ஒரு திருகாணியப் போட்டு அடைப்பான உருவி எடுத்துட்டாவ. ‘இது காத்து வாங்கணும்மா. அடைச்சுக் கெடந்தது, மூச்சு விட்டாத்தான் குணம் வரும். அப்பிடியே தொறந்து கெடக்கட்டும்’ன்னாவ. தொறந்து போட்டா ஈ விழாதா? அவிய குளிக்கப் போனதும் ஒரு துணிய உருட்டி வாயில நல்லா அடைச்சு வச்சேன். குளிச்சிட்டு வந்து பாத்தாவ. துணிய எடுத்துட்டு, அடுப்படியில என் பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்து, நான் கறி வேக வைக்கதப் பாத்துக்கிட்டே இருந்தாவ. ‘அம்மா, நான் சின்னப் பிள்ளையில உன்ன ரொம்பப் படுத்துனேனா’ன்னு கேட்டாவ. ‘சாமி, அதெல்லாம் எதுக்கு இப்ப, நேரமாவுது, போயி வெள்ளை அங்கியப் போட்டுட்டு வாங்க, ஆளுவ வருவாவ’ன்னேன்.

‘யாரு வருவா’ன்னாவ.

சொன்னேன். அவிய மூஞ்சி போன போக்கு இருக்கே! ‘நாம மூணு பேர்னு சொன்னேன்லம்மா’ன்னாவ. அதோட சரி. அங்கியும் போடல, சட்ட வேட்டியோட வந்து நின்னாவ. தொண்ட சரியில்லன்னு வந்ததுல இருந்து ஒரு பூச கூட வைக்கல, அங்கியும் போடலன்னா பங்குச் சாமியாரு என்ன நெனப்பாரு? எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஆனா சாமியக் கோவிக்க முடியுமா?

ரெண்டு கிளாசு இருந்துச்சுன்னேன்லா? ஒண்ணப் பங்குச் சாமியாருக்குக் குடுத்தேன். இன்னொண்ணு மாதா சபைத் தலைவிக்கு. மத்தவளுவளுக்கு என்ன செய்ய? தெருவே நிக்கி. கிளாசும் இல்ல, ரசமும் ஒரே புட்டி. நான் ஒரு ஸ்பூன எடுத்துட்டு வந்து அவிய கையில குடுத்தேன். ‘சாமி, நீங்களே ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுத்துருங்க.’ சொல்லி வாய மூடல, அவளுவ முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு வரிசையா வந்து நிக்காளுவ. பூசையில நன்மை அப்பம் வாங்க நிக்குத கணக்கா கையக் கூப்பி, நாக்க நீட்டிக்கிட்டு! பிலவேந்திரம் வாங்கிட்டு ‘ஆமென்’னுட்டா. அவிய ஒவ்வொருத்திக்கும் குடுக்காவ, கண்ணுல தண்ணி நிக்கி. பக்தியில அழுதாவன்னு நான் நெனச்சேன். எல்லாரும் அப்பிடித்தான நெனச்சா?

குடிச்ச பொறவு அவளுவ மூஞ்சிய நீ பாக்கணுமே! துவர்ப்பு பிள்ள. கடுக்காயக் கடிச்ச கணக்கா எல்லாவளும் வாயக் குமிச்சிக்கிட்டு நிக்காளுவ. துப்பவும் முடியாது, சாமி குடுத்தது. பங்குச் சாமியாரு மட்டும் ரெண்டு மடக்கு குடிச்சிட்டு, ‘ஃபாதர், நாளைக்குத் திருநாள் பூச நீங்கதான் வைக்கணும்’ன்னாரு. ‘தொண்ட சரியில்ல ஃபாதர்’ன்னாவ. ‘நேத்தும் இதத்தான் சொன்னிய’ன்னு அவரு சிரிச்சாரு. அவிய சிரிக்கல.

எல்லாவளும் போயிட்டா. இன்னும் முழுசா இருட்டக் கூட இல்ல. செலினு பாத்திரத்த எடுத்துட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டா. புட்டியில அடியில கொஞ்சம் கெடந்துச்சு. அவிய அந்த ரெண்டு கிளாசையும் கழுவித் தொடச்சு, ரெண்டுலயும் சரிசமமா ஊத்தி, ஒண்ண என் முன்னால வச்சாவ. ‘இப்பவாவது ரெண்டு பேரும் சாப்பிடுவோம்மா.’

அந்த ஒரு நேரந்தான் பிள்ள. என்னத்தச் சொல்ல, அந்த ஒரு நேரந்தான்.

‘குடிச்சிராத, மொதல்ல மோந்து பாரு’ன்னாவ. நான் மூக்க உள்ள விட்டேன். ‘என்ன வருது?’ ‘சாராய வாசம் வருது’ன்னேன். ‘இன்னொருக்கா, மெதுவா. ரோசாப்பூ வருதா? தாரு வருதா?’ ‘தாரா? ரோடு போடுவாவளே, அந்தத் தாரா?’ன்னேன். ‘அதேதாம்மா’ன்னு சிரிச்சாவ. சொன்ன பொறவு பாத்தா, ஆமா, வருது! காஞ்ச ரோசாப்பூவும் வருது, வெயில்ல புது ரோட்டுல நடந்தா வருமே அந்த வாசமும் வருது. நெறம் என்னமோ கறுப்பா இருக்கும்னு நெனச்சேன், வெளக்குக்கு நேர தூக்குனா செங்கல் நெறத்துல தெளிவாத் தெரியுது. ஒரு மடக்கு எடுத்து நாக்குல உருட்டச் சொன்னாவ. உருட்டுனேன். அம்மாடி! நாவப்பழத்தத் தின்னு முடிச்சதும் பல்லு, ஈறு எல்லாம் இழுத்துப் பிடிக்குமே, அப்பிடிப் பிடிக்கி. வாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமப் போச்சு. ‘சாமி, இதக் காசு குடுத்தா வாங்குதாவ?’ன்னேன்.

‘இப்ப அந்தக் கொழுப்புத் துண்ட ஒண்ணு வாயில போடு. நல்லா மெல்லு. அதுக்கு மேல ஒரு மடக்கு.’

செஞ்சேன். நீ நம்ப மாட்ட. அந்தத் துவர்ப்பு எங்க போச்சுன்னு தெரியல. கறியோட கொழுப்ப அது அறுத்துட்டுப் போவுது, அதோட முரட்டுத்தனத்தக் கறி அடக்குது. கடசியில தொண்டையில லேசா ஒரு இனிப்பு. நான் அவியளப் பாக்கேன், அவிய என்னப் பாக்காவ. ‘நல்லாருக்கு சாமி’ன்னேன். மனசறிஞ்சுதான் சொன்னேன். என் கையால ஒரு துண்டு எடுத்து அவிய தட்டுல வச்சேன். பட்டம் வாங்குன பொறவு நான் அவிய பக்கத்துல சரிக்குச் சரியா உக்காந்து சாப்பிட்டது அன்னைக்குத்தான். எப்பவும் நின்னு பரிமாறத்தான் செய்வேன்.

அப்பக் கேட்டாவ. ‘அம்மா, ஒருக்கா என் பேரச் சொல்லிக் கூப்பிடும்மா.’

நான் சிரிச்சேன். ‘இது என்ன சாமி வெளையாட்டு’ன்னேன்.

‘முன்ன நீ கூப்பிட்டா கோயில் மணியே தோத்துரும். ஒரே ஒருக்கா. நீ, வா, போன்னு ஒரு வார்த்த பேசும்மா.’

‘பாவத்தச் சொமக்கச் சொல்லுதியளா’ன்னேன். எனக்கு வெளையாட்டாத்தான் பட்டுச்சு. அவிய கிளாசக் கீழ வச்சாவ. வச்சிட்டு, ‘நான் இனிமே சாமி இல்லம்மா’ன்னாவ.

எழுதிக் குடுத்துட்டாவளாம். அங்கியக் கழட்டி ஆறு மாசம் ஆச்சாம். அந்த ரசம் செஞ்ச தோட்டக்காரர் மக, கியாராவோ என்னவோ, அவளக் கட்டிக்கிடப் போறாவளாம். பள்ளிக்கூடத்து டீச்சராம். ‘அவ ரொம்ப நல்லவம்மா. இந்தப் புட்டிய அவ அப்பா உனக்குன்னு எடுத்து வச்சது. உன் கையால ஆட்டுக் கறி வச்சு நாம குடிக்கணும்னு சொல்லி விட்டாரு.’

நான் ஊருக்கே கரண்டி கரண்டியா ஊத்துனது சம்பந்தக்காரன் குடுத்த சாராயம் பிள்ள! அதத்தான் எல்லாவளும் நாக்க நீட்டி வாங்கிட்டுப் போயிருக்கா! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? மறுநா காலையில நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முதல் வரிசையில போயி உக்கார? அத நெனச்சாவளா யாராவது? சொல்லுததுக்கு ஒரு நேரம் இல்ல? திருநாளுக்கு முந்தின நாள்தானா கெடச்சுது?

எந்திரிச்சேன். என்ன பேசுனேன்னு எனக்கே தெரியாது. அந்த ரெண்டு மடக்கு உள்ள போயிருந்துச்சுலா, அதான் அப்பிடிப் பேச வச்சுது. பழக்கம் இல்லாத உடம்பு. இல்லன்னா நான் அப்பிடிப் பேசுதவளே இல்ல, எங்க ஊர்ல யார்ட்ட வேணும்னாலும் கேளு.

‘நீ என் பிள்ள இல்ல. நீ போ. நீ இந்த வாசல்ல இனி கால் வைக்காத.’ அதான் சொன்னேன்.

அவன் அழுவான்னு பாத்தேன். அழல. ‘நீன்னு சொல்லிட்டம்மா’ன்னான். அவ்வளவுதான் சொன்னான். உள்ள போயி பெட்டிய எடுத்தான். செலினு ஈரக் கையோட ஓடி வந்து மறிச்சா, அவ தலையத் தடவிட்டுப் போயிட்டான்.

அவன்தான கேட்டான்? நீன்னு கூப்பிடுன்னு அவன்தான கேட்டான்? கேட்டதத்தான குடுத்தேன்.

இப்ப நான் ‘அவன்’னு பேசுதேன் பாத்தியா. முதுகுக்குப் பின்னாலன்னா வருது. மூஞ்சிக்கு நேரதான் வர மாட்டேங்குது. அதுதான் இன்னைக்குக் கெடுத்துட்டுது.

மூணு வருசமா போன்ல செலின்ட்டதான் பேசுவான். ‘அம்மா எப்பிடி இருக்கா’ம்பான். அவ போன என் கையில தருவா. நான் என்னன்னு பேச்ச ஆரம்பிக்க? ‘சாமி’ன்னு சொல்ல முடியுமா? பேரச் சொன்னா நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது. போனக் காதுல வச்சிக்கிட்டு நிப்பேன். அவனும் அங்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டு நிப்பான். பொறவு ‘அம்மா, வைக்கட்டா’ம்பான். வச்சிருவான். கலியாணம் முடிஞ்ச போட்டோவச் செலினு காட்டுனா. பாக்க மாட்டேன்னுட்டு, அவ தூங்குன பொறவு எடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கா அந்தப் பிள்ள.

போன வாரம் செலினு சொன்னா, ரெண்டு பேரும் மதுரைக்கு வந்திருக்காவன்னு. ஊருக்கு வர மாட்டான், நான்தான் கால் வைக்காதன்னுட்டேனே. ‘அம்மாவுக்கு மனசிருந்தா ஓட்டலுக்கு வரட்டும். செவ்வாக்கிழம மத்தியானம் கெளம்பிருவோம்’னு சொன்னானாம். இன்னைக்குத்தான் செவ்வா. நேத்து பூரா மாட்டேன்னு சாதிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில முழிச்சதும் நேரா கறிக்கடைக்குப் போயி நெஞ்சுக் கறி எடுத்தேன். செலினு கூட வாரேன்னா. நீ வேண்டாம், நான் பெத்தவ, எனக்குத் தெரியும்னுட்டேன்.

ஸ்டேசன் பக்கத்துல பெரிய ஓட்டலு. கண்ணாடிக் கதவு. வாச்மேன் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு, ‘யாரப் பாக்கணும்’ங்கான். யாரச் சொல்ல? வாய்ல வந்தது, ‘எங்க சாமியாரு வந்திருக்காவ’ன்னுட்டேன். ‘சாமியார்லாம் யாரும் தங்கலம்மா, வேற ஓட்டலா இருக்கும், பாருங்க’ன்னுட்டான். அவனும் ஒழுங்கா நாலு வார்த்த விசாரிச்சானா? இல்ல. நான் எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாப் போயி நின்னுக்கிட்டேன். வெளிய வரத்தான செய்வான்.

வந்தான். தாடியெல்லாம் விட்டிருக்கான், அதுல நரை. என் பிள்ளைக்கு நரை விழுந்துட்டு! பெட்டிய வண்டியில ஏத்திட்டு, ஏறாம வாசல்லயே நிக்கான். ரோட்ட அந்தப் பக்கம் பாக்கான், இந்தப் பக்கம் பாக்கான். என்னத்தான் தேடியிருப்பான். வேற யாரத் தேடுவான் மதுரயில? பத்தடி இருக்குமா, அவ்வளவுதான் இடையில. நடுவுல ஆட்டோ வருது, பஸ் வருது, மறைக்கி, வெலகுது. நான் வாயத் தொறந்தேன் பிள்ள. ‘சாமி’ன்னு கூப்பிடப் போனேன். அவன் கட்டுன அந்தப் பிள்ள பக்கத்துல நிக்கி, அவ முன்னால சாமின்னா அவனக் குத்திக் காட்டுத மாதிரி ஆயிருமேன்னு நிறுத்திட்டேன். சரி, பேரச் சொல்லுவோம்னு பாத்தா, தொண்டையில வந்து நின்னுட்டுது. காத்துதான் வருது. ‘ஏ’ன்னு கூடச் சொல்ல முடியல.

ரோட்டத் தாண்டிப் போயிருக்கலாமேன்னா சொல்லுத? மதுர ரோட்டுல வண்டி வருத வரத்து தெரியாமப் பேசாத. அதுவும் இல்லாம, நான் எதுக்குத் தாண்டணும்? பெத்தவ அவ்வளவு தூரம் கறி சொமந்து வந்து நிக்கேன், அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

அந்தப் பிள்ள மொதல்ல ஏறிட்டு, வண்டிக்குள்ள இருந்து தலைய நீட்டிக் கூப்பிட்டா. பேரச் சொல்லித்தான். அவ ஊர் நாக்குல கொஞ்சம் கோணலா இருந்தாலும் எனக்குப் புரிஞ்சுது. சத்தமா, நடு ரோட்டுல, அவ்வளவு லேசாக் கூப்பிட்டுட்டா. அவனும் சட்டுனு திரும்பிட்டான். ஏறிட்டான். வண்டி போயிட்டுது. கொச்சிக்குப் போறாவளாம், அங்க இருந்து விமானம். இனி எப்பன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு என்ன இன்னும் வயசு ஏறாமலா நிக்கும்?

செலினு போன் அடிச்சுக்கிட்டே இருக்கா. எடுக்க மாட்டேன். என்னத்தச் சொல்ல அவட்ட?

என்னது? திருச்செந்தூர்ல அவனுக்கு ஒரு அர்ச்சன பண்ணுதியா? பண்ணு, பண்ணு. எங்க பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா என்னத் திட்டுவாரு, திட்டிட்டுப் போறாரு. எந்தச் சாமியாவது கேக்கட்டும். நட்சத்திரம் எல்லாம் எங்களுக்குக் கெடையாது பிள்ள. பேரு போதுமா?

இன்னாசி.

இன்னாசின்னு சொல்லு. ஆமா, இன்னாசி. சின்னப் பிள்ளையில ‘ஏலே இன்னாசி’ன்னுதான் கூப்பிடுவேன். ஏலே இன்னாசீ...

இந்தா பாரு. இந்தா பாரு பிள்ள, எப்பிடி வருது பாரு. கண்டக்டரு ஏன் திரும்பிப் பாக்காரு, அவ்வளவு சத்தமாவா கூப்பிட்டேன்? பத்தடியில நின்னான் பிள்ள. பத்தடிதான்.